ஓட்டுப் போடச் சொன்ன ராப்: செனகல் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 10, 2025, திங்கள் – டாக்கர்

ஏடிஎம் துப்பியதெல்லாம் பத்தாயிரம் ஃப்ராங்க் நோட்டு. செனகல் தலைநகர் டாக்கரில் இதைவிடப் பெரிய தொல்லை இல்லை என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. இங்கே ஓடுவது சிஎஃப்ஏ ஃப்ராங்க். யூரோவோடு சேர்த்துக் கட்டிய காசு, ஒரு யூரோவுக்கு 655.957 என்ற கணக்கு மாறுவதே இல்லை. ஆக பத்தாயிரம் என்றால் பதினைந்து யூரோ சொச்சம்தான். ஆனால் டாக்ஸிக்காரர், தண்ணீர்ப் பாக்கெட் விற்கிற பெண், பேக்கரிக்காரர் எல்லோரும் நோட்டைப் பார்த்ததும் ஒரே மாதிரி உச்சுக்கொட்டினார்கள். சில்லறை இல்லையாம்.

விடுதி வாசலில் ஒரு பையன் தள்ளுவண்டியில் கஃபே தூபா விற்கிறான். கிராம்பும் காரமான ஒரு காட்டு மிளகும் சேர்த்து வறுத்த காப்பி. நூறு ஃப்ராங்க். நான் நோட்டை நீட்டியதும் சிரித்துவிட்டு, கோப்பையைக் கையில் திணித்து, "நாளைக்குக் கொடுங்க" என்று சைகை காட்டினான். நான் எந்த அறையில் தங்கியிருக்கிறேன், என்ன பெயர், எதையும் கேட்கவில்லை.

இன்னொரு பெண்ணிடம் வழி கேட்டபோது நடந்தது வேறு. நேராக "பிளாட்டோ எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழுத்தமாக "போன்ஜூர்" என்றார். நானும் போன்ஜூர் சொன்னேன். எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் நலமா, பயணம் நன்றாக இருந்ததா எல்லாம் முடிந்த பிறகுதான் வழி கிடைத்தது. அதுவும் பாதித் தூரம் கூடவே நடந்து வந்து காட்டினார்.

கடல்காற்று பலமாக அடிக்கிறது. சாயங்காலம் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. வானம் பாலைவனப் புழுதியில் வெளிறிக் கிடக்கிறது.

இங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011, 2012 இல் இந்த நாட்டில் ஒரு ஜனாதிபதியை எதிர்த்து நடந்த போராட்டத்தின் முன்வரிசையில் ராப் பாடகர்கள் நின்றார்கள். அந்த ஜனாதிபதி கடைசியில் தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். ராப் கல்சென் என்று செனகல்காரர்கள் சொல்லும் இசையை நான் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டிருக்கிறேன், அதுவும் இங்கே பேசும் வொலோஃப் மொழி ஒரு வார்த்தை தெரியாமல். அது பிறந்த தெருக்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரி 11, செவ்வாய் – பிளாட்டோ

காலையில் முதல் வேலையாகக் காப்பிக் கடனை அடைத்தேன். பையன் காசை எண்ணக்கூட இல்லை.

கார் ரப்பீட் என்ற நீலமும் மஞ்சளுமான பழைய வேனில் ஏறினேன். முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருக்கும், உடம்பெல்லாம் பூவும் இறைவாழ்த்தும். பின்கதவில் தொங்குகிற பையன்தான் கண்டக்டர். வண்டி நிற்க வேண்டுமானால் கையிலிருக்கும் நாணயத்தால் தகரத்தில் தட்டுகிறான். காசு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து கைமாறிக் கைமாறிப் பின்னால் போய், மீதி அதே வழியில் திரும்பி வருகிறது. என்னுடைய மீதி ஐம்பது ஃப்ராங்க் ஐந்து பேர் கை மாறி வந்து சேர்ந்தது.

இறங்கி பிளாஸ் சொவெட்டோவுக்கு நடந்தேன். தேசிய சட்டமன்றம் இங்கேதான். காவலர் போட்டோ எடுக்கக் கூடாது என்றார், ஆனால் அவரும் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்.

2011 ஜூன் 23 அன்று இந்த இடத்தில் கண்ணீர்ப்புகை அடர்ந்திருந்தது. ஜனாதிபதி அப்துலாய் வாட் அன்றைக்கு ஒரு அரசியலமைப்புத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் வைத்தார். ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் ஜோடியாகப் போட்டியிடலாம், முதல் சுற்றில் 25 சதவீத ஓட்டு வாங்கினாலே வெற்றி என்றது அந்த மசோதா. எண்பது வயதைத் தாண்டிய வாட், தன் மகனைத் துணை ஜனாதிபதியாக்கி நாற்காலியை ஒப்படைக்கப் பார்க்கிறார் என்று ஊரே பேசியது. கட்சிக்காரர்கள், மனித உரிமை அமைப்புகள், மாணவர்கள் எல்லோரும் இங்கே குவிந்தார்கள். அவர்களோடு 'யான் அ மார்' என்று அச்சடித்த கறுப்பு டீ ஷர்ட் இளைஞர்கள். போதும்டா சாமி என்கிற மாதிரியான பெயர். மாலைக்குள் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த 25 சதவீதத்தை அடுத்த ஆண்டு முடிவோடு வைத்துப் பார்த்தேன். 2012 பிப்ரவரி 26 அன்று நடந்த முதல் சுற்றில் வாட் வாங்கியது 34.8 சதவீதம், இரண்டாவதாக வந்த மக்கி சால் 26.6. அந்த மசோதா நிறைவேறியிருந்தால் வாட் அன்று இரவே ஜெயித்திருப்பார். நிறைவேறாததால், பாதிக்கு மேல் ஓட்டு யாருக்கும் கிடைக்காமல், இரண்டாம் சுற்று வந்தது. மார்ச் 25 அன்று மக்கி சால் 65.8 சதவீதத்தோடு வென்றார். அந்த ஒரு நாள் மறியலின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

மதியம் மொச்சை மாதிரி ஒரு பயறை மசித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் ந்தம்பே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன் – கொலோபான்

ஒபெலிஸ்க் சதுக்கத்துக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் டாக்ஸிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் புரிகிறது. நடுவில் உயரமான தூண், அதில் ரோமன் எண்ணில் 1960, சுதந்திரம் கிடைத்த ஆண்டு. சுற்றிலும் வண்டி இரைச்சல். பக்கத்திலேயே பழைய துணிச் சந்தை.

யான் அ மார் 2011 ஜனவரியில் தொடங்கியது. தொடங்கியவர்கள் கவோலாக் ஊரைச் சேர்ந்த 'கேர் கி' குழுவின் ராப் பாடகர்கள் தியாட், கிலிஃபெ ஆகியோரும், ஃபடெல் பாரோ போன்ற பத்திரிகையாளர்களும். அப்போது டாக்கரில் மின்வெட்டு நாள் முழுக்க நீண்டது. பேசிப்பேசி அலுத்த ஒரு இருட்டு ராத்திரியில் இயக்கம் பிறந்தது என்று சொல்வார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் இதே சதுக்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குக் குறையைச் சொல்லச் சொல்லி, அரசு மீது ஆயிரம் புகார் என்று திரட்டினார்கள். 2012 ஜனவரியில் வாட் மூன்றாவது முறை நிற்கலாம் என்று அரசியலமைப்புக் கவுன்சில் சொன்னதும் இதே இடம் கலவரமானது. போலீஸ் வண்டி ஏறி ஒரு மாணவர் இங்கேதான் செத்தார். அதற்கான அடையாளம் ஏதாவது இருக்கும் என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

சாப்பாடு சந்தைக்குப் பின்னால் ஒரு அம்மா நடத்தும் தகரக் கொட்டகையில். செபுஜென், 1,000 ஃப்ராங்க். தக்காளியும் மீனும் கொதித்த சாற்றிலேயே அரிசியை வேகவைத்து, மேலே மீன், மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட் என்று பெரிய துண்டுகளாக அடுக்குகிறார்கள். தனித்தட்டு கேட்டேன். அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளாமல், ஏற்கெனவே மூன்று பேர் சுற்றி உட்கார்ந்திருந்த தாம்பாளத்தைக் காட்டினார். அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் மீனைப் பெரியவர் ஒருவர் விரலால் பிய்த்து என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி தள்ளினார். கடைசியாகச் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்காகவே நாளைக்கும் வரலாம்.

பிப்ரவரி 13, வியாழன் – பிக்கின்

டாக்கரை ஒட்டிய பிக்கினுக்குப் புதிய மின்ரயிலில் போனேன். டிக்கெட் 500 ஃப்ராங்க். ஏசி, சுத்தம், சரியான நேரம். ரயிலை விட்டு இறங்கியதும் மணல் தெரு, ஆடு, குதிரை வண்டி.

பிக்கினின் கலாச்சார மையத்தில் 'ஆஃப்ரிகல்ட்டர்பன்' இயங்குகிறது. மட்டடோர் என்ற ராப் பாடகர் 2006 இல் தொடங்கியது. சுவரெல்லாம் கிராஃபிட்டி. உள்ளே டிஜே பயிற்சி, வீடியோ எடிட்டிங், ஒலிப்பதிவு. முன்கூட்டிச் சொல்லாமல் போன என்னை யாரும் விரட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, உட்காருங்கள் என்றார்கள். அதோடு என் அன்றைய பயணத் திட்டம் முடிந்தது, ஏனென்றால் அத்தாயா தயாராகிக்கொண்டிருந்தது.

அத்தாயா என்பது பச்சைத் தேயிலையைக் கரி அடுப்பில் கொதிக்கவைத்து, மூன்று சுற்றாகக் குடிப்பது. முதல் சுற்று கசப்பு, அடுத்தடுத்து இனிப்பு ஏறும். சின்னக் கண்ணாடிக் குவளையிலிருந்து இன்னொன்றுக்கு, கையை உயர்த்தி, நுரை பொங்கும்வரை, நம் டீக்கடைக்காரர் ஆற்றுவது போலவே ஆற்றுகிறார்கள். முடிய இரண்டு மணி நேரம். அதுவரை பேச்சுதான்.

அந்தப் பேச்சுக்கு நடுவே நான் பார்த்தது இது. பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் நோட்டும் பேனாவுமாகத் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பதினாறு வரி எழுதுகிறான். விஷயம் வெள்ளம். இந்தப் புறநகரில் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து வாரக்கணக்கில் நிற்கும். எழுதி முடித்து, கைகால் ஆட்டி வேகமாகப் பாடிக் காட்டினான். ஆத்திரம் பொங்கியது. எனக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லிக்கொடுக்கும் இளைஞர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பக்கத்திலிருந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது? மோட்டார் பம்பு இருக்கிறதா? யார் பொறுப்பில்? டீசல் யார் தர வேண்டும்? பையனுக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரிந்தது. மீதியை விசாரித்துவிட்டு வா, பிறகு பதிவு செய்யலாம் என்று மைக்கை வாங்கி வைத்துவிட்டார். பையன் முறைத்துக்கொண்டே வெளியே போனான்.

இந்த ராப் எப்படி வேலை செய்தது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. 2013 இல் ராப் பாடகர்கள் ஜூமான் பிரெஞ்சிலும் கெய்ட்டி வொலோஃபிலுமாக ஆரம்பித்த 'ழூர்னால் ராப்பே' நிகழ்ச்சியும் இதே பாணிதான்: வாரச் செய்தியை முழுக்க ராப்பில் வாசித்தார்கள், டிவியிலும் யூடியூபிலும். யான் அ மார் தெருவில் இறங்கியபோதும் வெறும் கோஷத்தோடு நிற்கவில்லை. 'தாஸ் ஃபனானல்' என்று ஒரு பிரச்சாரம் நடத்தி, இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள். கூட்டம் சேர்க்கப் பாட்டு, கூட்டம் சேர்ந்ததும் படிவம். பதினெட்டு வயதுக்காரனை அரசு அலுவலக வரிசையில் நிற்கவைப்பது கல்லெறிய வைப்பதைவிடக் கஷ்டம் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அவர் அப்போது பேட்டைக் கிளையில் இருந்தவராம். கிளைக்கு 'எஸ்ப்ரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணும் ராப் பாடுகிறவர்தான். இரண்டாவது சுற்றுத் தேநீரில் அவர் என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்: "வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் ஏன் அரசியல் ராப்பை மட்டும் கேட்கிறீர்கள்? நான் எழுதியதில் பாதி என் அத்தை கல்யாணம் பற்றியது." உதவித்தொகை தரும் அமைப்புகளும் அப்படித்தானாம். ஜனநாயகம், சுகாதாரம், குடியேற்றம் என்று தலைப்புக் கொடுத்துப் பாட்டுக் கேட்கிறார்களாம். அதனால் கோபம்கூடச் சில நேரம் ஆர்டருக்குத் தைத்த சட்டையாகிவிடுகிறது என்றார். அத்தை கல்யாணப் பாட்டையும் போட்டுக் காட்டினார். வார்த்தை புரியாமலே சிரிப்பு வந்தது, அங்கிருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்து எழுந்தபோது இருட்டிவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி – சாலையில்

கவோலாக்குக்கு 'செத் பிளாஸ்' பிடித்தேன். ஏழு பேர் ஏறும் பழைய பெஜோ கார். ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஆறு பேர் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டோம், ஏழாவது ஆளுக்காக இன்னும் ஒன்றரை மணி நேரம். என் பைக்குத் தனிக் கட்டணம் என்று 1,000 ஃப்ராங்க் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி எனக்காகச் சண்டை போட்டு 500 ஆக்கினார். பின்வரிசையில் கால் நீட்ட இடமில்லை. ஜன்னல் கைப்பிடி டிரைவரிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. கேட்டால் கொடுப்பார், திறந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

பாவோபாப் மரங்கள், உப்புப் பூத்த வெட்டவெளி. ஃபத்திக் ஊருக்குள் நுழையும்போது டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருந்தது, காற்று இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் வேறு, பஞ்சர் கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். எங்கள் டிரைவரும் சரி என்று தொழப் போய்விட்டார். வெயில் டாக்கரைப் போல இல்லை, மண்டையைப் பிளக்கிறது. பாட்டி பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து எல்லோருக்கும் பங்கு போட்டார்.

ஃபத்திக் மக்கி சாலின் ஊர். மேயராகவும் இருந்தவர். மர நிழலில் காத்திருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவர் போனை எடுத்து, கேர் கி 2014 இல் வெளியிட்ட பாடலைப் போட்டார். ஒன்றும் மாறவில்லை என்று மக்கி சால் அரசைக் கிழிக்கிற பாட்டு. மக்கி சால் பதவிக்கு வந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம். வாட்டை இறக்கப் பாடிய அதே வாய். அவருடைய ஊரிலேயே, ஸ்பீக்கரில், சத்தமாக. டயருக்காக நின்றிருந்த இரண்டு பேர் கூடவே பாடினார்கள். பாட்டி மட்டும், சத்தத்தைக் குறைடா என்றார். அவர் மக்கி சால் கட்சி.

வாட்டுக்கும் இதேதான் நடந்தது. 2000 தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சியின் நாற்பது ஆண்டு ஆட்சியை முடித்து அவர் வந்தபோது, மாற்றம் வேண்டும் என்று பாடிய ராப் தலைமுறை அவர் பக்கம் நின்றது. பதினோரு ஆண்டு கழித்து அவருக்கு எதிராகப் பாடியது. யாரை ஏற்றிவிட்டாலும் அடுத்த பாட்டு அவரைப் பற்றித்தான்.

பிப்ரவரி 15, சனி – கவோலாக்

கேர் கியின் ஊர். சாலும் ஆற்றங்கரை, உப்பளம், கடலை மூட்டை மலைகள். ஈ. தட்டில், கோப்பை விளிம்பில், கண் இமையில் ஈ. ஊருக்குள் போக்குவரத்து என்றால் மோட்டார் சைக்கிள் டாக்ஸி, 'ஜகார்த்தா' என்று பெயர். 300 ஃப்ராங்க் பேசி ஏறினேன். ஓட்டிய பையன் ஒரு கையால் ஓட்டி இன்னொரு கையால் போன் பேசினான். பெரிய சந்தையில் வளைவு வளைவான கூரைக்குள் நுழைந்தால் திரும்பி வர வழி தெரியாது, தொலைந்தேன். கருவாட்டுக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஜனாதிபதியைப் பற்றிப் பாடும் முன்பே, பள்ளி வயதில், உள்ளூர் நிர்வாகத்தைப் பாடித்தான் தியாட்டும் கிலிஃபெயும் போலீஸ் அடி வாங்கினார்கள். முடிதிருத்தகத்தில் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். இன்று அவர்களைப் பற்றி ஊரில் ஒரே கருத்து இல்லை. டாக்கர் போய்ப் பெரிய ஆளாகிவிட்டார்கள், சாக்கடை அப்படியே இருக்கிறது என்றார் முடிவெட்டுபவர். காத்திருந்த இன்னொருவர், சாக்கடை அள்ளுவது மேயர் வேலையா, பாடகன் வேலையா என்றார். கத்தரிக்கோல் என் காதருகே நின்றுவிட்டது. விவாதம் முடியும்வரை என் தலை பாதி வெட்டியபடியே இருந்தது. கட்டணம் 1,000. சில்லறை என்னிடம் இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள் – டாக்கர், கிளம்பும் நாள்

பகலில் உவாக்காம் குன்றின் மேல் ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சிலை. வட கொரிய நிறுவனம் கட்டியது, 2010 இல் வாட் திறந்துவைத்தது. 49 மீட்டர் வெண்கலம். யோசனை என்னுடையது, அதனால் சுற்றுலா வருமானத்தில் 35 சதவீதம் எனக்கு என்று வாட் சொன்ன சிலை இது. ஊர் இருட்டில் கிடந்த காலத்தில் இதற்குச் செலவழித்த பணத்தை நினைத்தால், யான் அ மார் ஏன் அடுத்த ஆண்டே பிறந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. படி ஏறியதில் முட்டி வலி. மேலே காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

விமான நிலையத்துக்கு டாக்ஸி. ரேடியோவில் ராப். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். 2012 இல் முதல் முறை ஓட்டுப் போட்டாராம், யான் அ மார் ஆட்கள் பேட்டைக்கு வந்து பெயர் சேர்த்ததால். 2024 பிப்ரவரியில் மக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தபோது இவரும் தெருவில் நின்றிருக்கிறார். அந்தத் தேர்தல் கடைசியில் மார்ச் 24 அன்று நடந்து, பத்து நாள் முன்புதான் சிறையிலிருந்து வெளியே வந்த பாஸிரூ ஜொமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே வென்றார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுப் போராட்டங்களில் பல உயிர்கள் போயின. இவருடைய மச்சானுக்குக் காலில் குண்டு.

"புது ஆட்சி எப்படி?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகலை. அரிசி விலை இறங்கலை. பாட்டு வர ஆரம்பிச்சிடுச்சு" என்று ரேடியோவைக் காட்டினார். யார் பாடுவது, என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, சுங்கச்சாவடி வரும்வரை வரிக்கு வரி எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்: மின்கட்டணம், படகேறிப் போன பையன்கள், மந்திரிகளின் கார்கள். சுங்கச்சாவடியில் பத்தாயிரம் ஃப்ராங்க் நோட்டைக் கொடுத்தார். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.